பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரமா, புதியதா? பழுதுபார்ப்பவன் தரப்பிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கைக்கடிகாரக் கட்டுரையை இருமுறை படித்தேன். பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் தலைமுறை கடந்தும் ஓடும் என்றும், இப்போது விற்கப்படுபவை சில ஆண்டுகளிலேயே நின்றுவிடும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. திருச்சியில் 36 ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்து வருகிறேன். அந்தக் கருத்தில் பாதிதான் உண்மை என்றும், அந்தப் பாதிக்கும் கட்டுரை காட்டும் காரணம் சரியல்ல என்றும் எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன். பழைய கடிகாரம் வாங்கலாமா, புதியது வாங்கலாமா என்று கேட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் நாளிதழைப் படிக்கிறவர்கள்.

ஒரு கடிகாரம் பழுதாகாமல் ஓடுவது ஒரு குணம். பழுதானால் அதைச் சரிசெய்ய முடிவது வேறொரு குணம். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். பழைய மெஷின்கள் (கடிகாரத்தின் உள்ளே இருக்கும் இயக்க அமைப்பை எங்கள் தொழிலில் மெஷின் என்றே சொல்கிறோம்) நெடுங்காலம் ஓடியதற்குக் காரணம், அவை பழுதாகாமல் இருந்தது அல்ல. பழுதான ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஊர் இருந்த ஒருவரால் அவற்றைத் திறந்து சரிசெய்ய முடிந்தது. புதிய மெஷின்கள் பழுதாவது உண்மையில் குறைவு. ஆனால் பழுதானபின் என்ன ஆகும் என்பது மெஷினுக்கு மெஷின் பெரிதும் வேறுபடுகிறது. வாங்குகிறவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

முதலில் பழையவற்றைப் பற்றி. கைக்கடிகாரத்துக்குத் தானாகச் சாவி ஏறும் அமைப்பை 1923-இல் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். கை அசையும்போது அசையும் ஓர் எடைதான் சாவி ஏற்றும். அதில் அந்த எடை முழுவட்டம் சுற்றாது. இருபுறமும் ஸ்பிரிங் தடுப்பில் மோதித் திரும்பும். 1931-இல் ரோலெக்ஸ் முழுவட்டம் சுற்றும் எடையை, அதாவது ரோட்டாரைக் கொண்டுவந்தது. 1948-இல் எட்டர்னா நிறுவனம் ரோட்டாரைச் சிறு எஃகுக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் அமர்த்தியது. அதற்கு முன்பு ரோட்டாரின் அச்சு தேய்ந்து, எடை சரிந்து, பின்மூடியில் உரசிக் கோடு கிழித்த கடிகாரங்கள் ஏராளம். இன்றும் அப்படிப்பட்டவை என் மேசைக்கு வருகின்றன.

ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வந்த பல மெஷின்களின் குறைகளைத் தொழில் பழகிய காலத்திலேயே நான் நன்றாக அறிந்துகொண்டேன். கடிகாரத்தை ஓட்டும் விசையைச் சேமித்து வைக்கும், எஃகினால் ஆன மெயின் ஸ்பிரிங் களைத்துப்போய் வலுவிழக்கும், அல்லது ஒருநாள் படாரென்று உடையும். உடையும் வேகத்தில் பக்கத்துப் பல்சக்கரத்தின் பல்லையும் சில சமயம் கொண்டுபோகும். இன்கப்லாக் போன்ற அதிர்ச்சி தாங்கிகள் முப்பதுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் எல்லாக் கடிகாரங்களிலும் அவை இல்லை. அவை இல்லாத கடிகாரம் கைதவறித் தரையில் விழுந்தால், இடமும் வலமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃபின், தலைமுடியைப்போல மெலிந்த முனை முறிந்துவிடும். அன்று ஒரு மெக்கானிக்கின் கைத்திறனை மற்றவர்கள் எடைபோட்டதே அந்த ஸ்டாஃபை மாற்றி, சக்கரத்தை மறுபடி சமநிலைக்குக் கொண்டுவருவதை வைத்துத்தான். எண்ணெயும் அப்போது இன்றைய செயற்கை எண்ணெய்போல நிலைத்து நிற்கவில்லை. இரண்டு மூன்று கோடைகளில் காய்ந்து பிசினாகிவிடும். சாவிப் பகுதியில் இருந்த ரப்பர் வளையம் இறுகிப்போனால் வியர்வை உள்ளே இறங்கும். நம் ஊர் வெயிலில், அதிலும் கடலோர ஊர்களில், சாவித் தண்டு துருப்பிடித்து மெஷினோடு ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் மீறி இன்று ஓடிக்கொண்டிருக்கும் பழைய கடிகாரங்களைப் பார்த்துத்தான் பழசு உறுதி என்று சொல்கிறோம். நின்றுபோய், பீரோவின் அடித்தட்டில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் கிடப்பவை யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுக்காரர் இறந்தபின் வீட்டைக் காலி செய்யும்போதுதான் அவை என்னிடம் வருகின்றன. அவற்றையும் கணக்கில் சேர்த்தால் கட்டுரையாளரின் முடிவு மாறியிருக்கும்.

அதேசமயம், எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரையிலான காலத்தைப் பற்றி நான் உயர்வாகவே பேசுவேன். உடையாத கலப்புலோக மெயின் ஸ்பிரிங், நல்ல அதிர்ச்சி தாங்கி, நீடித்து நிற்கும் எண்ணெய் என்று பழைய குறைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டிருந்தன. அதேவேளை எல்லாத் திருகும் திறக்கக்கூடியதாக, எல்லாச் சக்கரமும் தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சீக்கோ 5. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் வந்து, தங்கைக்குக் கணவராக வரப்போகிறவரின் கையில் ஏறிய கடிகாரம் அது. 1963-இல் தொடங்கிய அந்த வரிசையின் வெற்றிக்கு, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1959-இல், சீக்கோ கண்டுபிடித்த 'மேஜிக் லீவர்' என்ற சிறு பாகம் முக்கியமான காரணம்.

அந்தப் பாகத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ரோட்டார் இடமாகவும் சுற்றும், வலமாகவும் சுற்றும். மெயின் ஸ்பிரிங்கோ ஒரே திசையில்தான் முறுக்கேற வேண்டும். சுவிஸ் மெஷின்கள் பலவற்றில் இதற்காக 'ரிவர்சர்' என்னும் இரு சக்கரங்கள் உண்டு. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தடுப்புகள் இருக்கின்றன. சீக்கோ இந்தச் சிக்கலையே ஒதுக்கிவிட்டது. நண்டின் இரு கால்களைப்போல் விரிந்த ஒரே ஒரு தகடு, மையம் விலகிய முளையொன்றில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிறது. ஒரு கால் பல்லைத் தள்ள, மறுகால் இழுக்க, ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் சக்கரம் ஒரே பக்கம் நகர்கிறது. அழுக்கு சேர்ந்தாலும், எண்ணெய் காய்ந்தாலும் இது பெரும்பாலும் நிற்பதில்லை. இருபது ஆண்டுகள் ஒருமுறைகூடத் திறக்கப்படாமல், வயலுக்கும் பட்டறைக்கும் போய்வந்து, நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கினாலும் நிற்காமல் ஓடிய கடிகாரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதே குடும்பத்தில் பழையதையும் புதியதையும் நேர்நேராக வைத்துப் பார்க்க முடிவதால்தான் இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தேன். 17 கற்கள் (தேய்மானத்தைக் குறைக்க அச்சு முனைகள் சுழலும் இடங்களில் பதிக்கும் செயற்கை ரூபிகள்) கொண்ட 7009 மெஷின், 1996-இல் வந்த 21 கற்கள் கொண்ட 7எஸ்26, அதற்குப் பின் வந்த 24 கற்கள் கொண்ட 4ஆர்36 என்ற மூன்றிலும் பேலன்ஸ் மணிக்கு 21,600 முறை அடிக்கிறது. மூன்றிலும் அதே மேஜிக் லீவர். 7எஸ்26 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க இயலாது. நேரம் சரிசெய்யும்போது விநாடி முள்ளை நிறுத்தவும் இயலாது. 4ஆர்36 இரண்டையும் தந்தது. முழுதாகச் சாவி ஏறியபின் ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடுவது மாறவில்லை. நாளொன்றுக்கு 45 விநாடி முந்தலாம் அல்லது 35 விநாடி பிந்தலாம் என்று 4ஆர்36-க்கு நிறுவனம் எல்லை குறித்திருக்கிறது. ஆனால் ஒழுங்காகச் சரிசெய்து வைத்தால் அதைவிட மிக நன்றாகவே ஓடும். எனவே இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை புதியது பழையதைவிடத் தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. அதே எலும்புக்கூடு, கூடுதல் வசதி.

ஆனால் பழுதுபார்ப்பில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்திருக்கிறது. 4ஆர்36-இன் உடன்பிறப்பான என்எச்36 மெஷினைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கிறார்கள். உதிரிபாகக் கடைகளிலும் முழு மெஷினாகவே கிடைக்கிறது. அது 7எஸ்26 இருந்த இடத்திலேயே பொருந்தும். சாவித் தண்டை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு பழைய மெஷினை முழுவதும் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, எண்ணெயிட்டுக் கோர்க்க எனக்கு அரைநாளுக்கு மேல் ஆகிறது. அதற்கு நியாயமான கூலி கேட்டால், புதிய மெஷினின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால் பல கடைகளில் பிரிப்பதே இல்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் இதில் குற்றம் ஒன்றும் இல்லை. அன்றாடம் கட்டுகிற கடிகாரத்துக்கு நானே இதைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆயினும், தந்தையின் கையில் ஓடிய அதே பேலன்ஸ் ஓட வேண்டும் என்று விரும்பி ஒருவர் கொடுத்தால், அவரைக் கேட்காமல் மாற்றுவது பெரும் பிழை. எது உள்ளே இருந்தது, எது வெளியே போனது என்பதைப் பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கழற்றிய மெஷினைத் திருப்பித் தர வேண்டும்.

நம் நாட்டுக் கடிகாரங்களைப் பற்றியும் ஒரு சொல். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அவர்கள் விற்றவற்றில் பெரும்பாலானவை ஜனதா போன்ற, கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்கள்; காஞ்சன் போன்ற ஆட்டோமேட்டிக் கடிகாரங்களும் இருந்தன. அவற்றின் பாகங்கள் கிடைக்காத ஊர் அன்று இல்லை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின், இருந்த சரக்கைத் தேடி எடுத்தே நாங்கள் வேலை செய்கிறோம். மெஷின் அப்படியேதான் இருக்கிறது, ஒரு திருகுகூட மாறவில்லை. சரிசெய்யும் எளிமை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

இனி சுவிஸ் மெஷின்களுக்கு வருகிறேன். எட்டா நிறுவனத்தின் 2824-2 மெஷினைக் கண்டிராத கடிகாரப் பழுதுபார்ப்பாளர் உலகில் இருக்க மாட்டார். 25 கற்கள், மணிக்கு 28,800 அடி, ஏறத்தாழ 38 மணி நேர ஓட்டம். 28,800 அடி என்றால் ஓராண்டில் 25 கோடிக்கும் மேல். 18,000 அடி அடித்த பழைய மெஷின்கள் அதே ஓராண்டில் 16 கோடியைக்கூட எட்டுவதில்லை. அதிகம் அடிப்பதால் கை அசைவுகளாலும் இடிபாடுகளாலும் நேரம் குலைவது குறைகிறது. ஆனால் எண்ணெய் காய்ந்த நிலையில் ஓடவிட்டால் தேய்மானமும் அதற்கேற்ப விரைவாகும். எனவே இதை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். பழைய மெஷினைப்போல இருபது ஆண்டு திறக்காமல் ஓட்டுவது சரியல்ல.

இந்த மெஷினில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்குபடுத்தும் அமைப்பு. முந்தினால் பின்தள்ளவும், பிந்தினால் முன்தள்ளவும் ஒரு நெம்புகோல். இடம் வலம் என இருபுறமும் அடி சமமாக விழச் செய்ய இன்னொன்று. டைம்கிராஃபர் என்னும் கருவியின் மேல் கடிகாரத்தை வைத்தால், அதன் டிக்டிக் ஒலியைக் கேட்டு வேகத்தையும், பேலன்ஸ் எத்தனை பாகை ஆடுகிறது என்பதையும் அது திரையில் காட்டிவிடும். 270 பாகைக்கு மேல் ஆடினால் ஆரோக்கியம். 220-க்குக் கீழே போனால் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். திரையைப் பார்த்துக்கொண்டே நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். இம்மெஷினின் பலவீனமும் தெரிந்ததுதான்: ரிவர்சர் சக்கரங்களில் அழுக்கு சேர்ந்தால், சாவி கொடுக்கும்போது ரோட்டாரும் சேர்ந்து கிறுகிறுவென்று சுழலும். அப்படிச் சுழல்வதைக் கண்டால் மேலும் முறுக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்விட வேண்டும். ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்கு நாள்தோறும் கையால் சாவி கொடுப்பதும் தேவையற்றது. கட்டிக்கொண்டு நடந்தாலே போதும்.

இதே 2824-2-இன் அடித்தளத்தில்தான் இன்று டிஸ்ஸோ கடிகாரங்களில் வரும் பவர்மேட்டிக் 80 உருவானது. அடியை மணிக்கு 21,600-ஆகக் குறைத்து, மெயின் ஸ்பிரிங் சுற்றியிருக்கும் நடுத்தண்டை மெலிதாக்கி நீளமான ஸ்பிரிங்குக்கு இடம் தந்து, 38 மணி நேரத்தை 80 ஆக்கியிருக்கிறார்கள். இது வெற்று விளம்பரம் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்த 2824-2 ஞாயிறு காலை நின்றுவிடும். பவர்மேட்டிக் 80 திங்கள் காலை அலுவலகம் புறப்படும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நாள்தோறும் ஒரே கடிகாரம் கட்டாதவர்களுக்கு இது நல்ல வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கமான அந்த ஒழுங்குபடுத்தும் நெம்புகோல் இதில் இல்லை. வேகம் தொழிற்சாலையிலேயே லேசர் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. சில வகைகளில், விசையைப் பல் பல்லாக விடுவிக்கும் சக்கரமான எஸ்கேப் வீலும் அதைத் தடுத்து விடுவிக்கும் முள்கரண்டியும் உலோகத்தால் அன்றிச் செயற்கைப் பொருளால் ஆனவை. அவை எளிதில் தேயாது, எண்ணெய் தேவையும் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் என்று கேட்டவுடனே முகம் சுளிப்பதும் சரியல்ல. என் கவலை வேறு: நாளுக்குப் பத்து விநாடி முந்துகிறது என்று ஒருவர் வந்தால், 2824-2-இல் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தந்துவிடுவேன், இதில் அவரைச் சேவை மையத்துக்குப் போகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பாதையின் கடைசிப் படி, 2013-இல் ஸ்வாட்ச் அறிமுகப்படுத்திய சிஸ்டம்51. மொத்தமே 51 பாகங்கள், நடுவில் ஒரே ஒரு திருகு, 90 மணி நேர ஓட்டம், மனிதக் கை படாமல் எந்திரங்களே கோர்க்கின்றன. பொறியியல் சாதனை என்ற வகையில் அதைப் போற்றுகிறேன். ஆனால் அது மூடி முத்திரையிடப்பட்ட கடிகாரம். பிரித்துப் பழுதுபார்ப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல. நின்றுபோனால் அத்தோடு முடிந்தது. அதன் விலைக்கு அது நியாயம் என்று வாங்குகிறவர் கருதலாம். அது அவர் உரிமை. வாங்குவதற்கு முன் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

புதியவற்றுக்குச் சாதகமான ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று என்னிடம் வேகமாக ஓடுகிறது என்று வரும் கடிகாரங்களில் கணிசமானவை பழுதானவையே அல்ல, காந்தம் ஏறியவை. செல்பேசி உறை, கைப்பை மூடி, ஒலிபெருக்கி என்று வீடெங்கும் காந்தம் இருக்கிறது. பேலன்ஸை முன்னும் பின்னும் ஆடவைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்தால் நொடியில் சரியாகிவிடும். ஆனால் அறியாதவர் மெஷினையே மாற்றச் சொல்லிவிடக் கூடும். சிலிக்கானில் ஹேர் ஸ்பிரிங் செய்யும் புதிய மெஷின்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2001-இல் யூலிஸ் நார்டின் முதன்முதலாகக் கைக்கடிகாரத்தில் சிலிக்கானைக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. கையாளும்போது கண்ணாடிபோல் நொறுங்கும், எஃகு ஸ்பிரிங்கைப்போல ட்வீசரால் வளைத்து நேராக்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி உதிரிபாகம். எட்டாவையும் பல சுவிஸ் நிறுவனங்களையும் தன்னுள் கொண்ட ஸ்வாட்ச் குழுமம், 2015 முடிவோடு மொத்த வணிகர்கள் வழியாகத் தனிப் பழுதுபார்ப்பாளர்களுக்குப் பாகங்கள் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. ஐரோப்பியப் பழுதுபார்ப்பாளர்களின் கூட்டமைப்பு, கடிகார நிறுவனங்கள் பாகம் தர மறுப்பதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது; 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2824-2-இன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், அதே வடிவில் செல்லிட்டா நிறுவனம் செய்யும் எஸ்டபிள்யூ200-1 மெஷினும் அதன் பாகங்களும் நமக்குக் கைகொடுக்கின்றன. ஒரு வடிவமைப்பு பழையதாவதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது. புதிய, காப்புரிமை உள்ள மெஷின்களுக்கு அந்த வழி இல்லை.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார் தம் தந்தையார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் கடிகாரத்தோடு வந்தார். மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, ரோட்டாரின் பேரிங் தேய்ந்திருந்தது, சாவித் தண்டில் துரு. மூன்று பாகம் மாற்றி, கழுவி, எண்ணெயிட்டு நான்காம் நாள் கொடுத்தேன். அதே வாரம் ஓர் இளைஞர் மூன்றாண்டுக்கு முன் வாங்கிய, அதைப்போல் பன்மடங்கு விலையுள்ள கடிகாரத்தைக் கொண்டுவந்தார். பெயர் குறிப்பிட விரும்பாத அந்த நிறுவனம் எனக்குப் பாகம் தராது. சேவை மையத்துக்கு அனுப்பினார். அங்கே பழுதை விளக்காமல், மெஷினையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி, பல வாரங்கள் ஆகும் என்றார்களாம். "புதுசு வாங்கினா நிம்மதியா இருக்கலாம்னு நினைச்சேன் அண்ணே" என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கவனியுங்கள்: அவருடைய கடிகாரம் மூன்றாண்டும் அம்மையாரின் கடிகாரத்தைவிடத் துல்லியமாகவே ஓடியிருக்கிறது.

ஆகவே பழசைத் தேடி இணையத்தில் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பளபளக்கும் டயலோடு மலிவாக விற்கப்படும் பழைய கடிகாரங்களில் பல, டயலுக்கு மறுவண்ணம் பூசி, நான்கு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கோர்த்தவை. அவை ஓடினாலும் எவ்வளவு நாள் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் பழைய கடிகாரத்தைச் சர்வீஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புதிதாக வாங்குவதானால், பல நிறுவனங்களும் பயன்படுத்துகிற, பாகமோ முழு மெஷினோ வெளிச்சந்தையில் கிடைக்கிற மெஷின் உள்ளதை வாங்குங்கள் என்பேன். சீக்கோ, மியோட்டா, செல்லிட்டா ஆகியவற்றின் பொதுவான மெஷின்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசிகளும் மின்னணுப் பொருள்களும், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகள் அதில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. கைக்கடிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. கடிகாரம் சிறு பொருள்தான்; ஆனால் ஒரு மாதச் சம்பளத்தையோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும் பொருளாகவும் அது இருக்கிறது. அதையும் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கடிகாரத்தின் பெட்டியிலும் மூன்று செய்திகள் அச்சிடப்பட வேண்டும்: உள்ளே இருக்கும் மெஷினின் எண், அதைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியுமா, அதன் பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு, யாருக்கெல்லாம் கிடைக்கும். முதல் செய்தியைச் சில நிறுவனங்கள் இப்போதே தருகின்றன. மற்ற இரண்டையும் நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை.

அதுவரை, தங்கள் இணைப்பில் இனிக் கடிகாரங்களைப் பற்றி எழுதும்போது விலை, கண்ணாடி, நீர்புகாத் தன்மை ஆகியவற்றோடு மெஷின் எண்ணையும், அதன் பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்குமா என்பதையும் சேர்த்து வெளியிட்டால், வாங்கும் முன் எங்களைப் போன்றோரிடம் வந்து விசாரித்துக்கொள்ள வாசகர்களுக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கடிகாரப் பழுதுபார்ப்பாளர்,
திருச்சிராப்பள்ளி